மதிலில் இரண்டு இலை

சன்னல்களை நான்தான் சாத்தினேன். பிறகு சாமியறைக் கதவையும்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அதுவரை முட்டைகூடப் பொரித்ததில்லை. அன்று பகல் பதினொரு மணிக்கு அடுப்பில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது.

என் மனைவி குணபூசணி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கிளறினாள். மாவு டின்மேல் ஒரு நீலநிற விமானக் கடிதம் சாய்ந்திருந்தது. லண்டனுக்குத் தாதிப் படிப்புக்குப் போன எங்கள் ஒரே மகள் சிவமலர், போன புதிதில் தாய்க்கு எழுதியது.

'அம்மா, அப்பாவிடம் சொல்லிப்போடாதேங்கோ. இங்கத்தைக் குளிருக்கு மாட்டிறைச்சி தின்னப் பழகிவிட்டேன். அரைத்த இறைச்சியைத் தக்காளியோடு வேகவைத்து, ஒரு பிடி சீனியும் நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூளும் போடுவேன். முதலில் இனிக்கும், பிறகு நாக்கு எரியும். ஸ்பெகெட்டி மேல் ஊற்றிச் சாப்பிட்டால் வீட்டு நினைவு வரும்.'

அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாளாம். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவள் என்னிடம் மறைத்தது அது ஒன்றுதான். நான் கோபிக்கவில்லை.

அன்று சிவமலரின் ஒன்பதாவது திவசம்.

தந்தி வந்த நாளில் நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். குணபூசணிக்கு ஆங்கிலம் வராது. காய்ச்சல், இரண்டே நாள், அங்கேயே தகனம் என்றேன். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

அதன்பின் எட்டுத் திவசம். எட்டிலும் மதிலில் இலை வைத்தோம். காகம் தொடவில்லை.

இந்த ஊர்க் காகங்களும் எங்களைப் போலச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவைதான். காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், கொடியில் காயும் துணியைக்கூட இழுக்கும். எங்கள் இலையை மட்டும் பார்த்துவிட்டுப் பறந்துபோகும்.

போன வாரம் என் தங்கை தங்கரத்தினம் கிள்ளானிலிருந்து வந்து, நாற்காலியில் அமராமலே சொன்னாள்.

"கண்டதையும் தின்னுற காகம், அண்ணை. எங்கட வீட்டுச் சோறெண்டா மட்டும் அதுக்கும் ஆசாரம் வந்திடுது. பிள்ளைக்கு என்ன குறையோ? இந்த முறையும் தொடேல்லையெண்டா, விஜயனை அவள் படிச்ச ஆஸ்பத்திரியிலயே போய் விசாரிக்கச் சொல்லுறன். அடுத்த மாசம் லண்டன் போறான்தானே."

விஜயன் அவள் மகன். சொன்னால் செய்கிறவன்.

அப்போதுதான் குணபூசணி உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தாள். பிள்ளை ஆசைப்பட்டதை ஒருமுறை வைப்போம் என்றாள். நான் மறுப்பேன் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

நான் மறுக்கவில்லை. இறைச்சி என்றால் காகம் வராமல் இருக்காது. அது வந்துவிட்டால் விஜயன் எங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்தவன் நான். எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் கைநீட்டிப் பேசியதில்லை.

தெரிந்த முகம் இல்லாத அம்பாங் பாசார்ச் சந்தைக்கு நானே போனேன். அறுபத்தொரு வயதில் முதல் முறையாகத் திருநீறு இல்லாமல் வெளியே இறங்கினேன்.

"அரைச்சா ருசி போயிடும் லா, அங்கிள். எலும்போட வாங்குங்க," என்றான் கடைக்காரன்.

"அரைத்துக் கொடு," என்றேன்.

இப்போது அது சட்டியில் சிவந்து கொதித்தது. சீனி கருகும் வாசமும் மிளகாய்க் காரமும் தொண்டையைப் பிடித்தன. கூடத்தில் தங்கரத்தினம் இருமினாள். திவசச் சமையலைப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. அதனால் அது இனித்ததா, எரித்ததா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

குணபூசணி வாழையிலையில் ஸ்பெகெட்டியைப் பரப்பி, மேலே இறைச்சியை ஊற்றினாள். குழம்பு இலை நரம்பு வழியே மெல்ல இறங்கியது.

"வழக்கத்தை விடக் கூடாது. மற்ற இலையையும் வை," என்றேன்.

மதிலில் இரண்டு இலை வைத்தோம். ஒன்றில் இறைச்சி. மற்றதில் எப்போதும் போலச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி.

கூப்பிட வாய் திறப்பதற்குள் காகம் வந்துவிட்டது.

இறைச்சி இலையின் ஓரத்தில் இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. என் மூச்சு சீரானது.

பிறகு அது தத்தித் தத்தி இறைச்சியைத் தாண்டிப் போனது. எட்டு ஆண்டுகள் எந்தக் காகமும் தொடாத சோற்றில் அலகை வைத்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளை வந்திட்டாள்!"

குணபூசணி அழுதாள், சிரித்தாள். தங்கரத்தினம் கைகூப்பினாள். விஜயன் இனி எங்கும் போக வேண்டியதில்லை.

காகம் அவசரப்படவில்லை. பருப்பையும் சோற்றையும் பசித்த பிள்ளைபோலத் தின்றது. பக்கத்து இலையில் இறைச்சி ஆறி, மேலே ஆடை கட்டியது.

அந்தத் தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை கிரிகரியை மாதா கோயிலில் மணந்தேன். மன்னியுங்கள், அப்பா.

அதில் சாவு இல்லை. அதை நான் சேர்த்தேன். இனி இந்த வீட்டுக்கு எழுதாதே என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்.

அவள் வீட்டுக்கு எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் தபால் நிலையத்தில் இருக்கும் என் பெட்டிக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும். உள்ளே கையெழுத்து மட்டும். நான் பதில் போட்டதில்லை. கிழித்ததும் இல்லை.

போன டிசம்பரில் மூன்று முறை போய்ப் பெட்டியைத் திறந்தேன். கார்டு இல்லை.

தபால் தாமதம் என்றுதான் நினைத்திருந்தேன்.