சத்தமில்லாத இருபத்திரண்டு

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் முதல் பகுதி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அது என் வழக்கம். அணியில் சேர்க்கப் பையன் பார்க்க வரும் மற்ற அணிக்காரர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நான் கேட்பேன்.

சறுக்குக் காலணியின் கத்தி பனித்தளத்தில் இறங்கும் சத்தம் பொய் சொல்லாது. மோசமாகச் சறுக்குகிறவன் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல் வருவான். நல்லவன் பட்டுத்துணியைக் கத்தரிப்பதுபோல் போவான்.

இப்படிக் கேட்டே நான் பொறுக்கிய ஒருவன் பெரிய லீகில் பன்னிரண்டு வருடம் ஆடினான். அதிலிருந்து அணி அலுவலகத்தில் என் பெயர் ‘காது’.

பழைய கதை. கடைசியாக நான் சொன்ன மூன்று பேரும் தேறவில்லை. பெரிய அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் டிராஃப்டுக்கு ஒரே ஒரு பெயர் கொடு, அதுவும் சொதப்பினால் இனிமேல் வராதே என்று லார்சன் சொல்லிவிட்டான். தேர்வுக்குழுவின் தலைவன் அவன்தான்.

இது போனால் எனக்கு மிச்சம் பொட்டாஷ் சுரங்கத்தின் அரைவை ஆலை. பதினேழு வயதில் ஹாக்கியையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு அங்கே இரவு ஷிஃப்டுக்குப் போனவன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, தூங்காமல் நேராக இங்கே வந்திருந்தேன்.

வெளியே காலையிலிருந்து பனி. பிப்ரவரிப் பனி ஊரையே பஞ்சில் பொதிந்து வைத்துவிடும். அந்தப் பஞ்சு அரங்கத்துக்குள்ளும் வந்திருந்தது. நானூறு பேர் தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். மூடிய இமைக்குள் விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் மிதந்தன.

உருளைக்கிழங்கு வறுவல் கடைப் பெண்கூட ஒன்றும் பேசாமல், குழம்பு ஊற்றவா என்று கரண்டியைத் தூக்கிக் காட்டித்தான் கேட்டாள்.

பக்கத்தில் ஓரெஸ்ட். இன்னோர் அணிக்குப் பையன் பார்க்கிறவன், இருபது வருடப் பழக்கம். இப்போதெல்லாம் எதையும் இரண்டு தடவை சொல்கிறான். வயதாகிறது.

“டேய் வெண்டல், இதென்ன கல்யாணமா, கண்ண மூடிக்கிட்டு கழுத்த நீட்ட? முழிச்சுப் பாருடா.”

இதையும் இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை, வாயை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து.

இரண்டாம் பகுதியில் அவன் வந்தான்.

எங்கள் மூலைக்குக் கீழே திரும்பும்போது கண்ணைத் திறந்து முதுகு எண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு. ரெமி டெஷார்லே. பதினெட்டு வயது. ஆள் குட்டை, அதனால் யார் பட்டியலிலும் இல்லாதவன். ஜூனில் எந்த அணியும் எடுக்காவிட்டால் செப்டம்பரில் எங்கள் ஆலைக்கு வந்துவிடுவான். அவனுடைய விண்ணப்பத்தை ஷிஃப்ட் அறை மேசையில் பார்த்திருக்கிறேன்.

கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

திறந்தேன். தளத்தின் மறு கோடியில் இருந்தான்.

மறுபடி வந்தான், மறுபடி மூடினேன். மற்றவர்களிடம் எங்கோ தூரத்தில் ஒரு கீறல் கேட்டது. கேட்டது என்றுதான் நினைத்தேன். இவனிடம் அதுவும் இல்லை. ஆறு உறையும் முதல் நாளில் தண்ணீர் சட்டென்று பேச்சை நிறுத்துமே, அப்படி இருந்தது. பனிக்கு அடியில் ஒரு மீன் போவதுபோல் என்னைக் கடந்து போனான்.

இடைவேளையில் எழுந்துவிட்டேன். பிடித்தவனைக் கண்டுகொண்டால் மூன்றாம் பகுதிக்கு உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பக்கத்து அணிக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான். ஓரெஸ்டிடம் தலைவலி என்றேன்.

வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிப் போனில் எழுதினேன்.

‘ரெமி டெஷார்லே. இருபத்தொரு வருடத்தில் இப்படி ஒருவனைக் கேட்டதில்லை. சத்தமே இல்லை. முதல் சுற்றிலேயே எடுக்கலாம்.’

பதில் உடனே வந்தது. ‘உன் காது சொன்னால் போதும், வீடியோ பார்க்கப்போவதில்லை. ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன். உன் வாயால் ஒரு தடவை ஆமாம் என்று சொல், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.’

கையுறையை மாட்டிக்கொண்டேன். என்ஜின் பிடிக்கவில்லை போலிருந்தது. சாவியை மறுபடி திருப்பினேன்.

சத்தமில்லை.

குளிரில் பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்தேன். இன்னொரு தடவை. அழுத்தி, இன்னொரு தடவை.

அரங்க வாசலில் ரெமியின் அம்மா நோரீன் சிகரெட்டோடு நின்றிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வண்டி தெரிந்தவள். சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வாயை அகலத் திறந்து என்னிடம் ஏதோ சொன்னாள்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. என்ஜின் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்ததோ. ஓடுகிற என்ஜினில்தான் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சாவியிலிருந்து கையை எடுத்தேன். நோரீனும் காதிலிருந்து கையை எடுத்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருக்கையில் போன் ஒளிர்ந்தது. லார்சன்.

எடுத்துக் காதில் வைத்தேன். அவன் கேள்வியைக் கேட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் எண்ணினேன். நோரீன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்றேன்.