காடி ஓடாத சனிக்கிழமை

பத்துமலையின் சட்டையில் 3018 என்ற எண் குத்தியிருந்தது. பின்னால் சைக்கிள் கேரியரில் அவருடைய மனைவி பாப்பா, இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈப்போ நகரத்துக்குப் போகும் லகாட் சாலையின் இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"இதோ பாருங்க, இந்த வயசுல ஜோடியா வாராங்க," என்று ஒலிபெருக்கியில் ஒருவர் தமிழில் சொன்னார். "புகை இல்லாத ஈப்போ, யாரையும் விட்டுட்டுப் போகாத ஈப்போ. நாம சொன்னது இதுதான்."

பத்துமலை தலையை நிமிர்த்தவே இல்லை. எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டும். அது மட்டும்தான் அவர் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு தர்மாவின் காடியில், அவனுடைய பழைய காரில்தான் கிளம்பினார்கள். பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையை விட்டுப் பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் தடுப்பு போட்டிருந்தது. பச்சைச் சட்டை போட்ட காலேஜ் பிள்ளை ஒருத்தி கையைக் காட்டி நிறுத்தினாள். கழுத்து அட்டையில் தினேஸ்வரி என்று இருந்தது.

"காடி போக முடியாது அங்கிள். ஒரு மணி வரைக்கும் சைக்கிள் மட்டும்தான் லா."

"என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ் மா. எட்டரைக்கு மெஷின். வியாழக்கிழமையும் போகல, இந்தக் காடி ரிப்பேராப் போச்சு."

அவள் வாக்கிடாக்கியில் யாரிடமோ மலாயில் பேசினாள். பதிலைக் கேட்டதும் அவள் குரல் இறங்கிவிட்டது. "மயக்கம் போட்டாத்தான் எமர்ஜென்சியாம் அங்கிள். நடந்து வந்து காடியில ஏறினவங்கன்னா காத்திருக்கலாமாம்."

பின்சீட்டில் இருந்த பாப்பா தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீர் முழுதும் அங்கே இறங்கி நின்றது. மூன்று நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறாள்.

"சைக்கிள்ல போனா விடுவீங்களா?" என்று கேட்டார் பத்துமலை.

தினேஸ்வரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஓர் எண்ணை எடுத்தாள். "இது 'அனைவருக்கும்' பிரிவு. பேர் கொடுத்தவர் வரல. குத்திக்குங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

தர்மா அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். மாட்டுக்குப் புல் கட்டும் சைக்கிளின் கேரியரில் கோணிச் சாக்கை மடித்துப் போட்டு, பத்துமலை மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார்.

இப்போது மெலிந்த சக்கரங்கள் விர்ரென்று அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் பாப்பாவிடம் கோப்பையை நீட்டினாள். "எடுத்துக்குங்க ஆண்ட்டி, பேப்பர் கப்தான். பிளாஸ்டிக் இல்ல."

பாப்பா வேண்டாம் என்று தலையாட்டினாள். காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, கோப்பை கண்ணிலிருந்து மறையும்வரை திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. அதுவும் இந்த மூன்று நாளாகப் பாதி.

"இந்தாங்க, அதோ முன்னால போறது நம்ம குமுதா மாதிரி இல்ல?" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். குமுதா, வாரம் மூன்று தடவை அவளுக்கு ஊசி குத்தி மெஷினில் மாட்டும் நர்ஸ்.

பத்துமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாளாகவே பாப்பாவுக்குக் கண் மங்குகிறது. "குமுதா இந்நேரம் உன் மெஷினைக் கழுவிக்கிட்டு இருப்பா. நீ பேசாம பிடிச்சுக்க."

ஒரு மேட்டில் இறங்கித் தள்ளினார். கேமராக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, "சிரிங்க அக்கா," என்றார். பாப்பா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. அதையும் அவர் படம் எடுத்துக்கொண்டார்.

"முடியலன்னா ஓரமா நிறுத்துங்க," என்றாள் பாப்பா. "எனக்கு ஒண்ணும் இல்ல."

"இன்னும் ரெண்டு டிராபிக் லைட்டுதான். மூச்சை இழுத்து விடு, பேசாத."

ஈப்போவில், டயாலிசிஸ் சென்டர் இருந்த கடை வரிசைக்கு முன்னால் அவர் காலை ஊன்றியபோது எட்டு இருபத்தைந்து. பத்துமலை காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். "பார்த்தியா, அஞ்சு நிமிசம் இருக்கு."

பாப்பா அவர் முதுகில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

சென்டரின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. நாற்காலியில் இருந்த காவலாளி ராஜு எழுந்து வந்தான். "என்னண்ணே இது? வாட்சாப்ல போட்டாங்களே, பாக்கலயா? காலை ஷிப்ட திங்கக்கிழமைக்கு மாத்திட்டாங்க."

பத்துமலையிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேச மட்டும்தான் முடியும்.

"திங்கக்கிழமை வரைக்கும் இவ தாங்க மாட்டா ராஜு. உள்ள ஒரு நர்ஸுகூடவா இல்ல?"

ராஜு பாப்பாவின் கால்களைப் பார்த்தான். பிறகு எங்கே பார்ப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் சைக்கிள் ஓட்டப் போயிருக்காங்கண்ணே... கிட்னி நோயாளிங்களுக்காக."