மாப்பிள்ளைக்கு வச்ச தலை

"அடியே பியாலி! இந்தத் தலையில ஓட்டை எப்படிடி வந்துச்சு?"

அடுப்படியில் மாலதி போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த காக்கா பறந்துபோனது.

அவள் கையில் கட்லா மீனின் தலை. சின்னப் பூசணிக்காய் அளவு இருக்கும். உச்சியில் மூடியைத் திறந்த மாதிரி ஓர் ஓட்டை. உள்ளே மூளையைக் காணோம்.

"நான்தாம்மா," என்றாள் பியாலி. பல்கலைக்கழகத்தில் மீன் வளர்ப்புப் படிப்பு, கடைசி வருஷம். சின்னக் குப்பி ஒன்றை நீட்டினாள். உள்ளே ஸ்பிரிட்டில் வெள்ளைக் கடுகு மாதிரி ஏதோ கிடந்தது. "இது மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பிம்மா. இதைக் கரைச்சு ஊசி போட்டாத்தான் எங்க பண்ணைக் குளத்து மீனு முட்டை விடும். திங்கக்கிழமை பரீட்சையே அதுதான். ஆளுக்கொண்ணு கொண்டு வரணும்."

"சந்தையில போய் எடுக்க வேண்டியதுதானே?"

"உடைஞ்ச தலையை எவன் வாங்குவான்னு விரட்டுறாங்கம்மா."

"மூளையை என்னடி பண்ணே?"

"குழைஞ்சு போச்சு. பூனைக்குப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! எங்கேயோ கிடக்கிற மீனுக்குப் பிரசவம் பார்க்க, என் மாப்பிள்ளை விருந்தைப் பூனைக்குப் போட்டியா!"

அன்றைக்கு ஜாமாய் சஷ்டி, சஷ்டி தேவியைக் கும்பிட்டு மாமியார் மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் வங்காளத்துப் பண்டிகை. மூத்தவள் மிதாலியைக் கட்டிய குந்தல், மாப்பிள்ளையாக வந்து உட்காரும் முதல் சஷ்டி. ஆட்டுக்கறி இருக்கலாம், ஹில்சா மீன் இருக்கலாம். மாப்பிள்ளை தட்டில் மீன் தலை சரியில்லையென்றால் அவர்கள் ஊரான நைஹாட்டியில் அதற்குப் பேர் விருந்தே இல்லை.

போதாததற்கு, அப்பா ஹரிபதாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்காது. 'சேத்துல இறங்கி மீன் பிடிக்கவா பொம்பளைப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம்?' என்று போன வாரம்கூடக் குதித்தார்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உன் படிப்பு இன்னியோட சரி," என்று சொல்லிக்கொண்டே மாலதி அந்த ஓட்டையில் உருளைக்கிழங்கைத் திணித்தாள். மேலே வறுத்த வெங்காயத்தை அள்ளித் தூவினாள். "தாயே சஷ்டி! அந்தப் பிள்ளை கவனிக்காம சாப்பிட்டு எந்திரிக்கணும்."

மத்தியானம் மாப்பிள்ளை மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியாயிற்று. விசிறியால் வீசியாயிற்று. வெண்கலத் தட்டைச் சுற்றிக் கிண்ணங்கள், நடுவில் ராஜா மாதிரி தலை.

குந்தல் நேராக உச்சியில்தான் விரலை வைத்தான். உருளைக்கிழங்கு பொளக்கென்று வெளியே வந்து விழுந்தது.

"என்ன அத்தை இது? உங்க ஊர் கட்லாவுக்கு மூளைக்குப் பதிலா உருளைக்கிழங்கா?"

மாலதியின் விசிறி நின்றுவிட்டது. ஹரிபதா எழுந்தேவிட்டார்.

"பியாலி! உன் வேலைதானே இது?"

"பரீட்சைக்குப்பா... ஒரே ஒரு சுரப்பி..."

"பரீட்சையாம் பரீட்சை! நாளையிலேருந்து நீ வாசல்படி—"

"இருங்க மாமா!" குந்தலின் குரல் அவர் குரலுக்கும் மேலே போயிற்று. "தலை எனக்கு வச்சது. அவமானமும் எனக்குத்தான். தண்டனையை நான் கொடுக்கிறேன்."

ஹரிபதா மறுபடி உட்கார்ந்தார். சஷ்டி அன்றைக்கு மாப்பிள்ளை பேச்சுக்கு மேல் பேச்சு ஏது?

"இன்னொருத்தி நோண்டின தலையை நான் தொட மாட்டேன். கெடுத்தவ எவளோ அவளே தின்னட்டும். இங்கேயே, என் கண்ணு முன்னால. ஒரு துணுக்கு மிச்சம் இருக்கக் கூடாது!"

"அவ அப்புறமா எங்களோட உட்கார்ந்து—" என்று மாலதி இழுத்தாள்.

"இப்பவே, அத்தை!"

தட்டு நகர்ந்தது. கண்ணில் நீர் முட்டப் பியாலி உட்கார்ந்தாள். மாலதியே பக்கத்தில் நின்று, "தின்னுடி, தின்னுத் தொலை!" என்று குழம்பை ஊற்றினாள்.

பியாலி பயந்து பயந்துதான் ஆரம்பித்தாள். கன்னத்துச் சதையைக் கிள்ளினாள். கண்ணை எடுத்தாள். அப்புறம் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எலும்பை நல்லா உறிஞ்சு!" என்று மிரட்டினான் குந்தல். "செவுள் ஓரத்துல யாருக்கு மிச்சம் வைக்கிறே?"

ஹரிபதாவுக்கே மனசு இளகிவிட்டது. "போதும் விடுங்க மாப்பிள்ளை, சின்னப் பொண்ணு. திங்கக்கிழமை பரீட்சை வேற இருக்கு அவளுக்கு," என்று அவரே சமாதானத்துக்கு வந்தார்.

சாப்பாடு முடிந்து மாடிக்கு வந்ததும் மிதாலி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கல்லாம் மனுஷனா? என் தங்கச்சியை அத்தனை பேர் முன்னாடி அழ வச்சீங்களே! ஒரு மீன் தலைக்கு இவ்வளவு ரோஷமா?"

குந்தல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ரயில்ல வரும்போது நீ என்ன சொன்னே? உங்க வீட்டுல தலையெல்லாம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும்தான், பொண்ணுங்களுக்கு வால் துண்டுதான்னு சொல்லலை? பியாலி மீன் தலையை உடைச்சு உடைச்சுப் படிக்கிறா, இன்னி வரைக்கும் ஒரு தலைகூட ருசி பார்த்ததில்லைன்னு நீதானே சொன்னே?"

"அதுக்கு?"

"ஆசையா அவகிட்ட நீட்டியிருந்தா உங்கம்மா தட்டையே பிடுங்கியிருப்பாங்க. தண்டனைன்னு சொன்னதும், பக்கத்துல நின்னு குழம்பு ஊத்தினாங்க பார்த்தியா!"