கண்ணாடி பார்க்காத மனுஷன்

விசிலடித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பும் மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்றும் அப்படித்தான். சமையலறை வாசலில் நின்று, அவளைப் பார்த்து விசிலடித்தபடியே சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான் கணவன். வழக்கம்போல ஒன்று மாறிப்போயிருந்தது.

“ஏங்க, கண்ணாடி பார்த்துப் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

“கண்ணாடியா? ஆளை விடு தாயே!”

அவள் கையெல்லாம் கேக் மாவு. முழங்கையால் அவன் சட்டையைச் சுட்டிக்காட்டினாள். அவன் கண்டுகொள்ளவில்லை.

“இன்னிக்கு என்ன ஆர்டர்?”

“பிங்க் கலர் டைனோசராம்.”

“ஜமாய்! பிடிச்ச வேலை அமையறது பெரிய விஷயம். என்னையே எடுத்துக்கோ, எனக்கு என் வேலைன்னா உயிர்!”

அந்த வாக்கியத்தை மட்டும் எப்போதும் ஒரு தனிக் குழைவோடு சொல்வான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்து வைத்த ஜென்மம்! லாரி கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளை, “உனக்குக் கேக்தானே பிடிக்கும், அதையே செய். வீட்டை நான் பார்த்துக்கறேன்” என்று வேலையை விட வைத்ததே அவன்தான். இப்போது வெனிலா வாசனை அடித்தாலே அவளுக்குத் தலை வலிக்கிறது. பழைய ஆபீஸில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கிளம்பிப் போனவன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டிருந்தான். நல்லதாய்ப் போயிற்று. வீட்டில் வராத தைரியம், அதைக் கொடுக்க அவன் ஆபீஸுக்குப் போனால் வரலாம்.

அவனுக்கு வேலை, ஒரு இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில். வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், கூடவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

“என்ன மேடம், பியூட்டி பார்லர் மாதிரி ஆளுக்கொரு கண்ணாடி?” என்றாள், வாசலில் நின்ற சூப்பர்வைசர் அம்மாவிடம்.

“சிரிச்ச முகமா பேசினா அது குரல்லயே தெரியும்மா. எதிராளி எவ்வளவு திட்டினாலும் இதைப் பார்த்துச் சிரிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும்.”

அவன் அவளைக் கவனிக்கவில்லை. காதில் ஹெட்போன். யாரோ காய்ச்சி எடுப்பது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. கண்ணை மூடினான். திறந்தான். கண்ணாடியைப் பார்த்து உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தான்.

“உங்களுக்கு உதவுறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் சார்!”

அதே குழைவு! காலையில் கேட்ட அதே குழைவு.

“அவருக்கு... இந்த வேலைன்னா உயிராமே?”

சூப்பர்வைசர் அம்மா சிரித்துவிட்டார்.

“யாரு, உன் வீட்டுக்காரரா? ‘இந்த வேலை எனக்குப் பிடிக்காது மேடம், ஆனா ஒழுங்கா செய்வேன்’னு இன்டர்வியூலயே சொன்ன ஆளும்மா அவரு! பிடிக்கும் பிடிக்கும்னு வந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க, இவர் இருக்கார். ஆனா வேலை முடிஞ்சா வீட்டுக்கு ஓடுற முதல் ஆளும் இவர்தான்.”

டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பிடிக்காத வேலையைச் செய்கிறவன் பிடிக்கும் என்கிறான். பிடித்த வேலையைச் செய்கிறவளுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. அப்படியானால் அந்த விசில்? யோசித்ததில், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மத்தியானம் போன் அடித்தது. அவன்தான். தனக்காக அங்கே திட்டு வாங்கிக்கொண்டிருப்பவனிடம் கேக் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள். உதட்டை இழுத்தாள்.

“டப்பா வந்துச்சு. டைனோசர் என்னாச்சு?”

“சூப்பரா வந்திருக்குங்க! இந்த வேலையில எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!”





“எந்தக் கண்ணாடி? பீரோ கண்ணாடியா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இந்தக் குரலை வெச்சுத்தான் நான் பொழைக்கிறேன். என்கிட்டயேவா?”

“உங்களுக்கு மட்டும் வேலை பிடிக்குதாக்கும்! அந்த அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.”

“பிடிக்காதுதான்.”

“அப்ப ஏன் பொய் சொன்னீங்க?”

“சொல்லலைன்னா நீ அந்த லாரி கம்பெனி வேலையை விட்டிருப்பியா?”



“எனக்குக் கேக் வெறுத்துப் போச்சுங்க. பழைய ஆபீஸ்ல கூப்பிடறாங்க. போகட்டுமா?”

“போயேன்.”

“அந்தக் கணக்கும் எனக்குப் பிடிக்காதே!”

“ஆமால்ல...” என்று அவனும் முழித்தான்.

“எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. ரெண்டு பேருக்குமே வேலை பிடிக்கலை. அப்ப நாம சந்தோஷமா இருக்கிற மாதிரி இருந்ததெல்லாம் என்ன? காலையில அடிக்கிறீங்களே விசில், அதுவும் பொய்தானா?”

“அடி அசடே!” என்றான். குழைவே இல்லாத, கரகரத்த குரல். “விசிலடிக்கிறப்ப நான் கண்ணாடியையா பார்த்துட்டு நிக்கிறேன்? அதைப் பார்த்திருந்தா பொத்தான் ஏன் மாறுது?”