மெல்பர்ன் பம்ப்

காரிலிருந்து கழற்றிய வாட்டர் பம்ப்பை, எதிர்வீட்டு ஆ ஹொங் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குப்பைத்தொட்டியில் வீசினார் பாக் ஜொஹாரி. மாட்ட வேண்டிய புதுப் பம்ப் இன்னும் வந்து சேரவில்லை.

“கிறுக்கு ஏதும் பிடிச்சிருக்கா உனக்கு?” என்று தெருவைக் கடந்து வந்தார் ஆ ஹொங். மெக்கானிக் வேலையிலேயே தலை நரைத்தவர். “பார்சல் கைக்கு வந்தப்புறம் கழட்டினா ஆகாதா?”

“இன்னிக்கு வந்துடும்னு போன்லயே காட்டுது. வந்ததும் மாட்டிட்டு, விடிஞ்சதும் கிளம்பணும்.”

மறுநாள் காலை எட்டரைக்கு ரொகாயாவுக்குத் தைப்பிங்கில் கண் ஆபரேஷன். ஏழு மாதம் காத்துக் கிடந்து கிடைத்த தேதி. தவறவிட்டால் அடுத்த தேதி வரும்வரை மனைவியின் கண்ணில் வெளிச்சம் மிச்சமிருக்குமா என்பதே சந்தேகம். நாலு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரோ, கிரிக் டவுனைத் தாண்டுவதற்குள் பம்ப் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதித்து நின்றுவிடுகிறது.

“பழைய வண்டியை வெட்டி விக்கிற கடையில ஒரு பம்ப் கிடக்குன்னு ரெண்டு வாரமா சொல்றேன். காதுல வாங்கினியா?”

“எவன் வண்டியிலயோ உழைச்சு ஓஞ்ச பம்ப் எனக்கெதுக்கு? எம்பையன் மெல்பர்ன்லேருந்து புதுசா அனுப்பியிருக்கான்.”

அந்தப் பையன் ஃபைருஸை ஐந்து வயதில் ஜொஹாரியின் தங்கை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போனாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, இவருக்கு வருமானம் இல்லை. நல்லா படிக்கட்டும் என்று அனுப்பிவைத்தவர், வருஷத்துக்கு ஒரு பெருநாள் போனில் இருபத்தைந்து வருஷமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். அது தேறவே இல்லை என்பது ரொகாயாவுக்கு மட்டும் தெரியும்.

“என்னன்னு கேட்டு எழுதின?” என்றார் ஆ ஹொங்.

“நம்ம மலாய்லதான். கார் பேரு, வருஷம் எல்லாம் போட்டு, வாட்டர் பம்ப் கெட்டுப்போச்சு, ‘பாம் ஆயேர்’ ஒண்ணு வாங்கி அனுப்புன்னு எழுதினேன். ஒரே நிமிஷத்துல பதில் வந்துடுச்சு, பாரு!”

நீட்டிய போனில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் இருந்தது. ஆ ஹொங் மேலே தள்ளிப் பார்த்தார். பெருநாள் வாழ்த்துக்கும் கட்டைவிரல், அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்று எழுதியதற்கும் கட்டைவிரல்.

“வாயைத் திறந்து பேசவே மாட்டானா?”

“அவனுக்கு ஆயிரம் வேலை. சொன்னதைச் செய்றான்ல? உம்பையன் அடுத்த தெருவுலதான் இருக்கான். ஒரு ஸ்க்ரூ வாங்கிக் குடுத்திருப்பானா?”

ஆ ஹொங் எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார்.

ஜொஹாரிக்கோ அன்று வாய் ஓயவில்லை. மகன் அனுப்பிய சாமானைத் தன் கையால் மாட்டப்போகிற சந்தோஷம். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்து வெள்ளைக்காரன் கதையை நூறாவது தடவையாக எடுத்துவிட்டார்.

“தண்ணிக் குழாய் மேல ஏ, ஐ, ஆர்னு எழுதியிருந்துச்சு. நமக்கு அது ஆயேர், தண்ணி. அந்த ஆளு அவன் பாஷையில காத்துன்னு படிச்சிட்டு, வண்டியைக் குழாயடியில நிறுத்திக்கிட்டு என்னையப் பிடிச்சுத் திட்டுறான்!”

வாசலில் உட்கார்ந்திருந்த ரொகாயாவும் சிரித்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் பார்சல்காரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெட்டி நினைத்த அளவு கனக்கவில்லை. “இப்பல்லாம் அலுமினியத்துல செய்றான்” என்று ஆ ஹொங்கிடம் சொல்லிக்கொண்டே ஜொஹாரி நாடாவைக் கிழித்தார். உள்ளே சுருட்டி வைத்த ரப்பர் குழாயோடு ஒரு குட்டி மெஷின் இருந்தது.

“வந்துடுச்சா அபாங்?” என்று புருஷனைக் கேட்டாள் ரொகாயா.

“வந்துச்சு. இது நம்ம காருக்கானது இல்ல. கடைக்காரப் பய மாத்தி வெச்சு அனுப்பிட்டான்.”

ஆ ஹொங் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ரொகாயாவைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

“அந்தப் பழைய பம்ப்...” என்று குரலை இறக்கிக் கேட்டார் ஜொஹாரி.

“முந்தாநாளே வித்துப்போச்சு. குப்பையில போட்டதை எடுத்து மாட்டினாலும் கிரிக்கைத் தாண்டாது. என் வேனையும் பையன் ஈப்போவுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்.”

“பஸ்ல போயிடலாம் அபாங்.”

“முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான் கிளம்புது, ரொகாயா.”

ரேடியேட்டரின் அடியில் வைத்த பேசினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

“ஆபரேஷன் கிடக்கட்டும். முதல்ல பிள்ளைக்குச் சொல்லுங்க” என்றாள் ரொகாயா. “அம்மாவுக்காகத் தேடி வாங்கினான். பாவம், அவனைப் போய் ஏமாத்திட்டானே அந்தக் கடைக்காரன்!”

ஜொஹாரிக்கு அதைக் கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கடைக்காரனைச் சும்மா விடக்கூடாது என்று மகனை வீடியோவில் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் ஃபைருஸின் முகம் வந்தது. ரொகாயா போனைத் தன் கண்ணுக்கு ஒட்டினாற்போல் இழுத்து, அந்த முகத்தைத் தேடினாள்.

தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கடைக்காரனைத் திட்ட ஜொஹாரி வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மகனே முந்திக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு, ஆங்கிலத்தில் கேட்டான்.

“டாடி, இப்ப டயர்ல காத்து நிக்குதா?”