சம்பந்தி வீட்டு ஹார்ட் டிஸ்க்

சம்பந்தி வீட்டு அலமாரியில், டிவிக்குப் பக்கத்தில், எங்கள் ஹார்ட் டிஸ்க் இருந்தது.

எங்களுடையது என்று சொல்லக் கூடாது. போன மாதம் நானேதான் தூக்கிக் கொடுத்தேன்.

அன்று சம்பந்தி ஒராஸ்பெக் அல்மாட்டியில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். மேசைமேல் கிடந்ததை எடுத்து, அதன் ஆரஞ்சு ரப்பர் உறையைத் தடவிப் பார்த்து, உள்ளங்கைக்குள் அடங்குகிறதே, என்ன அழகு என்றார். சம்பந்தி ஒரு பொருளை வாய்விட்டுப் புகழ்ந்தால் அது அவருடையது. கஸாக் வீட்டில் பிறந்தவன் வேறென்ன செய்வான்? எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் வாய் முந்திக்கொண்டது.

என் மனைவி ரௌஷான் என்னை முறைத்தாள். அவள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது அது. உள்ளே தட்டு சுழல்கிற வகை வேண்டாம், கைதவறி விழுந்தால் போச்சு. விலை கூடினாலும் சுழலாததுதான் வேண்டும், உறையும் வேண்டும் என்று கடைக்காரரைப் படாத பாடு படுத்தியிருந்தாள். அதிலுள்ள படங்கள்தான் கணினியிலும் இருக்கின்றனவே, வேறு டிஸ்க் வாங்கி இன்னொரு பிரதி எடுத்தால் ஆயிற்று என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

வாங்குவதற்குள் கணினி மண்டையைப் போட்டது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார்.

எங்கள் ஒரே மகள் மெருயெர்த். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இனி அந்த ஆரஞ்சுப் பெட்டியில் மட்டும்தான். அவளைத் தல்திகோர்கானுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, ரௌஷான் தினமும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஃபோனில் மகள் "நல்லா இருக்கேன்ம்மா" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. புது இடத்தில் பிள்ளை தனியாக அழுகிறதோ என்று இவளுக்கு உள்ளூரப் பயம்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மகளிடம் சொல்லி ரகசியமாகப் பிரதி எடுக்கச் சொன்னால், புது மருமகள் மாமனார் பொருளைக் குடைகிறாள் என்று பேர் வரும்.

வழி ரௌஷானுக்குத்தான் தோன்றியது. அவர் வீட்டுக்கு நாம் விருந்துக்குப் போவோம், அதை நீங்கள் புகழுங்கள் என்றாள்.

அதற்குத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

வேறெதையும் புகழ்ந்துவிடக் கூடாது, அதுதான் பெரிய சங்கடம். கறியைப் புகழ்ந்தால் தோஷமில்லை, தட்டில் இன்னும் நாலு துண்டு விழும், அவ்வளவுதான். சுவரில் புதுக் கம்பளம் கண்ணைப் பறித்தது. என்ன அருமையான என்று ஆரம்பித்துவிட்டேன். ரௌஷான் மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினாள். குளிர் என்று முடித்தேன்.

கறி முடிந்து மெருயெர்த் தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள். இதற்குமேல் தள்ள முடியாது.

"அந்தப் பெட்டி எவ்வளவு அழகா இருக்கு, சம்பந்தி."

நான் கொடுத்ததை நானே புகழ்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒராஸ்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. மகள் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மாமனாரைப் பார்த்தாள். சம்பந்தம் இத்தோடு கெட்டது என்றே நினைத்தேன்.

அவர் எழுந்து போனார். டிஸ்கை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துக்கோங்க சம்பந்தி. உங்களுக்குப் புடிச்சா அது உங்களுதுதான்."

திரும்பும் வழியெல்லாம் ரௌஷான் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் புதுக் கணினியில் சொருகினாள். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் குதிரைப் படங்களைப் போட்டிருந்தால் நாங்கள் யாரைக் கேட்க முடியும்?

எங்கள் படங்கள் அப்படியே இருந்தன. 'மெருயெர்த், பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை' என்று ரௌஷான் பெயர் வைத்த ஃபோல்டர்.

அதற்குக் கீழே, நாங்கள் வைக்காத இன்னொரு ஃபோல்டர்.

'மெருயெர்த், கல்யாணத்திலிருந்து.'

பாதிப் படங்களில் சம்பந்தியின் கட்டைவிரல் ஓரமாக விழுந்திருந்தது. மெருயெர்த் பனியில் கார் ஓட்டக் கற்கிறாள். மூக்கில் மாவோடு சிரிக்கிறாள். பரீட்சைப் புத்தகத்தின்மேல் தூங்கிப்போயிருக்கிறாள், சம்பந்தியம்மா அவள்மேல் போர்வை போர்த்துகிறார். எங்கள் வீட்டில்கூட அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

ரௌஷான் அழுதாள். பிறகு முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

மறுநாள் மகள் ஃபோன் செய்தாள். "மாமா ஃபோன்ல இடம் பத்தலைன்னு எல்லாத்தையும் அதுல ஏத்திட்டு அழிச்சுட்டாரும்மா. நீங்க போனதுலேருந்து சரியா சாப்பிடவே இல்லை."

உடனே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். பரிசாகக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் அவர் மூஞ்சியில் விட்டெறிந்த மாதிரி ஆகும் என்று ரௌஷான் தடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அல்மாட்டியில் பனி எப்படி என்று கேட்டார். என் முழங்கால் வலியை விசாரித்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்கிறது, வந்தால் ஒரு கிண்ணம் தேநீர் கிடைக்குமா என்றார்.

ரௌஷான் எல்லாவற்றையும் புதுக் கணினியில் ஏற்றி, இன்னொரு டிஸ்க் வாங்கி அதிலும் ஏற்றினாள். சமோவாரையும் வெள்ளிக் கரண்டிகளையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். பிறகு ஆரஞ்சுப் பெட்டியைத் துடைத்து, காலி மேசையின் நடுவில், சம்பந்தி உட்காரப்போகும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தாள்.