நண்பன் பதினாலு

ஒரே நேரத்தில் மூன்று பேர் அவனிடம் அழுதுகொண்டிருந்தார்கள். மூவருக்கும் அவன் ஒரே ஆறுதலைச் சொன்னான்: "உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது." அதற்கென்று விசைப்பலகையில் தனியாக ஒரு பொத்தான் இருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சாட் பெட்டியில் அவன் பெயர் 'நண்பன் பதினாலு'. மற்ற நண்பர்களும் இவனைப் போலவே அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஊராரின் துயரில் பங்கெடுத்தார்கள். பதில் தாமதமானாலோ பொத்தானில் இல்லாததைப் பேசினாலோ திரை மூலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரியவைப்பவர் மேலதிகாரி, நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் கங்காணி.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா? சாப்பிடவே வரலை."

"ஒண்ணுமில்ல," என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாவதாக ஒரு பெண் சாட்டில் வந்தாள்.

"நண்பன் பதினாலுதான் வேணும்னு வரிசையில நின்னேன். ஆன்லைன்ல மனநல டாக்டரைப் பாத்தா இன்ஷூரன்ஸ் உண்டா? டாக்டர் இப்பவே நேரம் தரேங்கறாங்க."

தன்னைக் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. "யாருக்கு மேடம்? பாலிசி எண் சொல்லுங்க."

"வீட்டுக்காரருக்கு. எண் அப்புறம் தரேன், முதல்ல உண்டா இல்லையான்னு சொல்லுங்க."

இதற்கும் பொத்தான் இருந்தது: "மருத்துவரை நேரில் அணுகவும்." உண்மையில் ஆன்லைனில் பார்த்தாலும் பணம் வரும். குடைந்து குடைந்து கேட்டாலொழிய அதைச் சொல்லக்கூடாது என்பது கங்காணியின் உத்தரவு. பொத்தானைத் தட்டினான்.

"நேர்லயா? அவரைக் குளிக்க அனுப்பவே கெஞ்ச வேண்டியிருக்கு. ராத்திரி தூங்கறதில்ல, நெஞ்சு மேல விரலால தட்டிக்கிட்டே கிடக்கார். பிள்ளை படம் வரைஞ்சு காட்டினா பாக்காமலே சூப்பர்ங்கறார். நேத்து அது வெறும் பேப்பரைக் காட்டிப் பாத்துச்சு. அதுக்கும் சூப்பர்."

"அவர்கிட்ட பேசிப் பாத்தீங்களா?" பொத்தானில் இல்லாத கேள்வி. சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேசினாத்தானே. இப்படியே போனா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். மனசு வரல. அதான் உங்களைக் கேக்கறேன்."

மற்ற மூவரும் கேள்விக்குறிகளாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அடுத்தது கங்காணியின் போன்தான். அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். முகம் தெரியாத அந்தக் கணவன்மேல் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவளை எவனோ ஒருவனிடம் புலம்ப விட்டிருக்கிறானே, என்ன ஜென்மம்.

"உண்டு மேடம்," என்று வேகமாகத் தட்டினான். "ஆன்லைன்னாலும் முழுசா வரும். மனைவியே நேரம் வாங்கலாம்."

"வாங்கினாலும் அவர் பேசணுமே. கேட்டா வேண்டாம்பார்."

"அந்த மாதிரி ஆளைக் கேக்கவே கூடாது. டாக்டரை லைன்ல போட்டு, போனை மூஞ்சிக்கு நேரா நீட்டிடுங்க."

"கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சுக்கட்டும். அதையாவது செய்யறாரேன்னு சந்தோஷப்படுங்க."

"சரிங்க" என்று எழுதிவிட்டு அவள் போய்விட்டாள். மேஜைமேல் கங்காணியின் போன் அலறியது. அவன் எடுப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது.

மனைவி நேராக வந்து தன் போனை அவன் முகத்துக்கு எதிரே நீட்டினாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, "வணக்கம், நான் டாக்டர் பேசறேன்," என்றார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "கேக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."